எலியின் உட்செவி, ஒரு மரபணு, ஒரு வருடம்: எந்த முறையில் பார்ப்பது?

“அக்கா, சிங்கிள் செல் பண்ணிடலாமா?”

சிங்கப்பூரின் கிம் மோ உணவங்காடியில் தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) வாங்கிக்கொண்டு உட்காருவதற்குள் கேட்டுவிட்டாள். முதுநிலை ஆய்வு மாணவி. எலிக் கருவின் உட்செவியில் ஒரு மரபணு எந்த நாளில், எந்தச் செல்லில் இயங்கத் தொடங்குகிறது என்பது அவளுடைய கேள்வி. ‘சிங்கிள் செல்’ என்றால் திசுவைத் தனித்தனிச் செல்லாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த மரபணு இயங்குகிறது என்று பார்ப்பது. கையில் இருப்பது ஒரு வருடம். ஆய்வுக்கூடத்தில் அவளுக்கென்று ஒதுக்கிய பணம் பத்தாயிரம் வெள்ளியைத் தொடாது. மரபணுவின் பெயரை இங்கே சொல்லவில்லை. இன்னும் வெளிவராத வேலை, அவள் என்னைக் கொன்றுவிடுவாள்.

“பண்ணலாம். ஆனா எதுக்கு?” என்றேன். பதில் வரவில்லை. பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தின் பக்கம் இந்தக் கேள்வியை வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது என்னிடம் கேட்கிறார்கள். பதில் எதுவும் சொல்லாமல் முழிப்பதும் அதே இரண்டு மூன்று பேர்தான். அதனால் அன்று பேசியதைக் கொஞ்சம் விரித்து எழுதிவைக்கிறேன்.

முதலில் அந்த உறுப்பைப் பற்றி. எந்த முறை பொருந்தும், எது காலை வாரும் என்பதெல்லாம் அது வளரும் விதத்தில்தான் இருக்கிறது.

எலியின் கர்ப்பகாலம் 19, 20 நாள். ஏறக்குறைய 8.5ஆம் நாளில் கருவின் பின்மூளைக்குப் பக்கத்தில் மேல்படலம் தடித்து ஒரு சிறு தட்டாகிறது. பேக்ஸ்2, பேக்ஸ்8 போன்ற மரபணுக்கள் அங்கே ஏற்கெனவே வேலையைத் தொடங்கியிருக்கும். 9.5ஆம் நாளுக்குள் தட்டு உள்ளே குழிந்து பையாகிவிடும். 11ஆம் நாள் வாக்கில் அந்தப் பையிலிருந்து, ஒலியைக் கேட்கும் சுருளான நத்தைக்குழல் நீளத் தொடங்கும். இனிமேல்தான் வேடிக்கை. ஒலியை உணரும் மயிர் செல்களாகவும் அவற்றைச் சுற்றி நிற்கும் தாங்கு செல்களாகவும் ஆகப்போகிற செல்கள் பெருகுவதை நிறுத்தும் வரிசை சுருளின் உச்சியிலிருந்து அடிக்குப் போகிறது. 12.5ஆம் நாள் வாக்கில் உச்சியில் தொடங்கி, 14.5 வாக்கில் அடிக்கு வந்து சேரும். ஆனால் மயிர் செல்லாக மாறும் வரிசை தலைகீழ். அது அடிப்பக்கத்தில் 14ஆம் நாளை ஒட்டித் தொடங்கி, உச்சியை எட்ட 17, 18 ஆகிவிடும். பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவர் முதலில் கை கழுவுகிற கதை.

இதன் விளைவைக் கவனியுங்கள். 15ஆம் நாள் கருவின் ஒரே நத்தைக்குழலுக்குள் அடிப்பக்கம் ‘இன்று’ என்றால் உச்சி ‘நேற்று முன்தினம்’. அந்தக் குழலை அப்படியே அரைத்து ஆர்.என்.ஏ-வை (மரபணு இயங்கும்போது உருவாகும் அதன் நகல்) அளந்தால், வெவ்வேறு வயதுச் செல்களின் சராசரிதான் கிடைக்கும். அந்தச் சராசரி எந்தச் செல்லின் உண்மையும் அல்ல. போதாக்குறைக்கு, ஒரே வயிற்றில் வளரும் குட்டிகளுக்குள்ளேயே அரை நாள் வித்தியாசம் இருப்பது சகஜம்.

பிறந்த பிறகும் கதை முடிவதில்லை. ஒலி அதிர்வை மின்சாரமாக மாற்றும் வாயிலில் முதலில் வருவது டிஎம்சி2 மரபணுவின் புரதம். பிறந்த முதல் வாரத்திலேயே அது நத்தைக்குழலில் அடங்கிப்போக, டிஎம்சி1 இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எலிக்குட்டிக்குக் காது கேட்கத் தொடங்குவது பிறந்து 12 நாள் கழித்து. மனிதக் குழந்தைக்கோ தாய் வயிற்றிலேயே கேட்கத் தொடங்கிவிடுகிறது. அபிமன்யு எலியாகப் பிறந்திருந்தால் சக்கரவியூகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் தெரிந்திருக்காது.

சரி, முறைகளுக்கு வருவோம். அவள் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன்.

சிங்கிள் செல் முறையில் திசுவை நொதி போட்டுத் தனித்தனிச் செல்லாகப் பிரிக்கிறோம். மெஷின் ஒவ்வொரு செல்லையும் எண்ணெய்க்குள் மிதக்கும் ஒரு நீர்த்துளியில், பார்கோடு ஒட்டிய ஒரு ஜெல் மணியோடு சேர்த்து அடைக்கிறது. பிறகு எந்த ஆர்.என்.ஏ எந்தச் செல்லிலிருந்து வந்தது என்பதை அந்தப் பார்கோடு சொல்லிவிடும். ஒரே ஓட்டத்தில் சில ஆயிரம் செல்கள், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான மரபணுக்கள். திரையில் வண்ண வண்ணத் தீவுகளாகச் செல் வகைகள் பிரிந்து நிற்கும்போது யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது.

நான் முதன்முதலில் செய்த நாள் இப்படி. 16.5ஆம் நாள் கருக்கள். காலை எட்டு மணிக்கு நுண்ணோக்கியின் கீழே உட்கார்ந்து, மெல்லிய இடுக்கியால் ஒவ்வொரு நத்தைக்குழலாக உரித்து எடுத்தேன். மெஷினில் எனக்கு முன்னால் இருந்தவர் தாமதித்தார். என் செல்கள் 37 டிகிரியில் நொதிக்குள் இருபது நிமிடம் கூடுதலாகக் கிடந்தன. சாயம் போட்டு எண்ணிப் பார்த்தபோது செத்தவை கொஞ்சம் அதிகம். பரவாயில்லை என்று ஓட்டிவிட்டேன். சில வாரம் கழித்துத் தரவு வந்தது. அதில் இதுவரை யாரும் சொல்லாத ஒரு தீவு! ஃபாஸ், ஜுன் என்ற இரண்டு மரபணுக்கள் அதில் கொழுந்துவிட்டு எரிந்தன. இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை. மூன்றாம் நாள் ஆய்வுக்கூடத் தலைவர் படத்தைப் பார்த்துவிட்டு, “இது செல் வகை இல்லம்மா, அலறல்” என்றார். செல்லைப் பிய்த்துச் சூட்டில் போட்டால் அரை மணி நேரத்துக்குள் துள்ளி எழும் மரபணுக்கள் அவை. கருவில் நடந்ததை அல்ல, என் மேசையில் நடந்ததைத்தான் நான் அளந்திருந்தேன். போன பணம் சில ஆயிரம் வெள்ளி.

இது என் கைத்தவறு, முறையின் குற்றம் இல்லை என்று சொல்லலாம். நியாயம்தான். ஆனால் முறைக்கே உரிய மூன்று சிக்கல்கள் இருக்கின்றன, மூன்றும் உட்செவியில் கூடுதலாகக் கடிக்கும்.

முழு வளர்ச்சியடைந்த எலி நத்தைக்குழலிலேயே மயிர் செல்கள் 3,000 அளவுக்குத்தான் உண்டு. குழலைப் பிரித்தால் அவை கூட்டத்தில் சிறுபான்மை. பத்தாயிரம் செல்லுக்குப் பணம் கட்டினாலும் உங்களுக்கு வேண்டியது அதில் கொஞ்சம்தான். அடுத்தது, ஒரு துளிக்குள் இரண்டு செல் மாட்டிக்கொள்வது. ஆயிரம் செல்லுக்கு 0.8 விழுக்காடு என்று கணக்கு, பத்தாயிரத்துக்கு 8 விழுக்காடு ஆகிவிடும். ஒரு மயிர் செல்லும் ஒரு தாங்கு செல்லும் ஜோடியாக மாட்டினால், இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வளர்நிலை போலவே தெரியும். வளரும் உறுப்பில் உண்மையான இடைநிலைகளும் இருப்பதால் எது நிஜம், எது ஜோடி என்று பிரிக்கத் தலை வலிக்கும். மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது: செல்லைப் பிரித்த அந்த நிமிடமே அது அடியிலிருந்து வந்ததா உச்சியிலிருந்து வந்ததா என்பது தொலைந்துபோகிறது. மேலே சொன்னபடி, இந்த உறுப்பில் இடம்தான் காலம். குழலை அடி, உச்சி என்று முன்கூட்டியே வெட்டித் தனித்தனியாக ஓட்டலாம். செலவும் இரட்டிப்பாகும்.

அப்படியானால் சிங்கிள் செல் யாருக்கு? எந்தச் செல் வகைகள் இருக்கின்றன என்பதே கேள்வியாக இருப்பவர்களுக்கு. 2018இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக இதைச் செய்துதான், ஒரே வகை என்று நினைத்திருந்த செவி நரம்புச் செல்களுக்குள் மூன்று துணை வகைகளைப் பிரித்துக் காட்டின. வேறு எந்த வழியிலும் அது எளிதில் கிடைத்திருக்காது. ஒரு மரபணுவை நீக்கிவிட்டு, உறுப்பு முழுவதும் என்னென்ன மாறியது என்று கேட்பவர்களுக்கும் இதுதான் சரி. என் மாணவியின் கேள்வி அந்த ரகம் இல்லை. அவளுக்கு மரபணு தெரியும். இடமும் நாளும்தான் வேண்டும்.

செல்களைச் சலித்தெடுத்து மொத்தமாக ஆர்.என்.ஏ வாசிப்பது அடுத்த வழி. இப்போது இதைப் பழையது என்று ஒதுக்குகிறார்கள், எனக்கு இன்னும் பிடிக்கும். மயிர் செல்லில் மட்டும் பச்சையாக ஒளிரும்படி மாற்றிய எலிகளை எடுத்து, பச்சைச் செல்களை மெஷினில் தனியே பிரித்து, ஒன்றாகச் சேர்த்து வாசிக்கிறோம். ஷெஃபர் முதலியோர் 2015இல் பவ்4எஃப்3 என்ற மரபணுவின் இயக்கத்தோடு பச்சை ஒளி கட்டிய எலிகளில் இதைச் செய்தார்கள். கருவின் 16ஆம் நாள், பிறந்த நாள், பிறந்து 4ஆம், 7ஆம் நாள் என நான்கு கட்டம். நத்தைக்குழல் தனி, சமநிலை உறுப்பு தனி. பச்சை உள்ளவை, இல்லாதவை என்று இரு கூடைகள். அப்படி வந்த தரவில் ஆழம் அதிகம். மற்ற மரபணுக்களை இயக்கியும் அணைத்தும் கட்டுப்படுத்தும் மரபணுக்கள் பல குறைந்த அளவிலேயே இயங்கும். சிங்கிள் செல் ஒவ்வொரு செல்லின் ஆர்.என்.ஏ-விலும் ஒரு பகுதியை மட்டுமே பிடிப்பதால் அப்படிப்பட்டவற்றை அடிக்கடி தவறவிடும், இது விடாது.

ஆனால் உள் மயிர் செல், வெளி மயிர் செல் எல்லாம் ஒரே கூடையில் விழும். பச்சை எரியத் தொடங்குவதற்கு முந்தைய நாட்களைப் பார்க்கவே முடியாது. அப்புறம் அந்த எலி வகை உங்கள் ஆய்வுக்கூடத்தில் ஏற்கெனவே இல்லையென்றால், வரவழைத்து, விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கி, பெருக்கி முடிப்பதற்குள் முதுநிலை மாணவியின் வருடம் பாதி ஓடிவிடும். அவளிடம் இருந்தது சாதாரண எலிகள்தான். இந்த வழி அங்கேயே முடிந்தது.

இடத்தோடு சேர்த்துப் படிக்கும் ஸ்பேஷியல் முறை கேட்க நன்றாக இருக்கும். பரவலாகப் பழகிய விசியம் என்ற தகட்டில் ஒவ்வொரு புள்ளியும் 55 மைக்ரான் அகலம், புள்ளிகளின் மையத்துக்கு மையம் 100 மைக்ரான். மயிர் செல்லின் அகலமோ பத்து மைக்ரான் பக்கம். ஒரு புள்ளிக்குள் உள் மயிர் செல், வெளி மயிர் செல், தாங்கு செல் எல்லாம் அடங்கிவிடும். மூளைக்குப் பிரமாதம், எலிக் காதுக்குக் கண் போதாது. 2 மைக்ரான் கட்டங்கள் கொண்ட புதிய தகடு வந்திருக்கிறது. அதன் விலையைச் சொன்னதும் அவள் தே ஓவைக் கீழே வைத்துவிட்டாள்.

உட்செவி ஆர்கனாய்டு பற்றியும் கேட்டாள். ஸ்டெம் செல்லிலிருந்து தட்டில் வளர்க்கும் குட்டி உறுப்பு அது. 2013இல் எலிச் செல்லிலும், 2017இல் மனிதச் செல்லிலும் செய்து காட்டினார்கள். அதில் உருவாகும் மயிர் செல்கள் பெரும்பாலும் சமநிலை உறுப்பின் சாயல் கொண்டவை. நத்தைச்சுருளின் அடி, உச்சி என்பதே அதில் கிடையாது. மனிதனைப் பற்றிய கேள்வி என்றால் யோசிக்கலாம்.

இனி எனக்குப் பிடித்த முறை. இன் சிட்டு. ஆர்.என்.ஏ இருக்கும் இடத்திலேயே அதைப் பிடித்துக் காட்டுவது. கருவின் தலையை நான்கு விழுக்காடு ஃபார்மால்டிஹைடில் ஓர் இரவு ஊறவைத்து, சர்க்கரைக் கரைசலில் மூழ்கவிட்டு, உறையவைத்து, பன்னிரண்டு மைக்ரான் சீவல்களாக வெட்ட வேண்டும். வெட்டும் கோணம்தான் இதில் பாதி வேலை. சுருளின் நடுத்தண்டு வழியாகக் கத்தி போனால், ஒரே சீவலில் குழல் பல முறை குறுக்கே வெட்டுப்படும். அடி, நடு, உச்சி மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்காரும். நான் சொன்னேனே, இந்த உறுப்பில் இடம்தான் காலம் என்று. அப்படி ஒரு சீவல் கிடைத்தால் ஒரே கண்ணாடித் தகட்டில் மூன்று தேதிகள். கோணம் சாய்ந்தால் அன்றைய கரு வீண்.

பிறகு, தேடும் ஆர்.என்.ஏ-வுக்கு எதிர்ச்சரமான துருவியில் டிஜாக்ஸிஜெனின் என்ற அடையாளக் குறியைக் கட்டி உள்ளே விட்டு, 65 டிகிரியில் இரவு முழுக்க வைத்து, மறுநாள் அதைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைச் சேர்த்து, நிறமேற்றும் கரைசலை ஊற்றுவோம். அப்புறம் காத்திருப்பு. கால் மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்க வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு குழலின் தரையில் ஒரு சின்னக் கீற்று, கத்தரிப்பூ நிறத்தில். இன்னும் கொஞ்சம் விட்டால் கருத்து அழகாகும், அதற்கும் மேல் விட்டால் திசு முழுக்க நிறம் ஏறி எல்லாம் பாழ். எப்போது நிறுத்துவது என்பது தோசை திருப்புகிற மாதிரி, கைப்பழக்கம். கூடவே அதே திசைச் சரத்தில் செய்த துருவியை இன்னொரு தகட்டில் போட்டு, அதில் நிறம் வரவில்லை என்று காட்டியே ஆக வேண்டும். இதை விட்டுவிட்டுப் படம் காட்டினால் எந்தத் தேர்வாளரும் நம்பமாட்டார்.

பொறுமை இல்லாதவர்களுக்கு ஆர்.என்.ஏ ஸ்கோப் இருக்கிறது. ஒவ்வொரு ஆர்.என்.ஏ-வும் ஏறத்தாழ ஒரு புள்ளியாக ஒளிரும், எண்ணலாம். ஒரே சீவலில் மூன்று நான்கு மரபணுக்களைப் பார்க்கலாம். மயிர் செல்லைக் காட்டும் மயோ7ஏ, தாங்கு செல்லைக் காட்டும் சாக்ஸ்2 ஆகியவற்றின் எதிர்ப்பொருள்களையும் சேர்த்துப் போடலாம். துருவி ஒவ்வொன்றும் சில நூறு வெள்ளி. பழைய முறையில் துருவியை நாமே செய்துகொள்ளலாம், காசு கம்மி, நாள் கூடுதல்.

குறை என்ன? தெரிந்த மரபணுவை மட்டுமே தேட முடியும். புதிதாக எதையும் அது தானாகச் சொல்லாது. நிற முறையில் எவ்வளவு என்பதை அளக்க முடியாது. பிறந்து சில நாள் தாண்டிய எலி என்றால் காதைச் சுற்றிய எலும்பை இடிடிஏ என்ற கரைசலில் நாட்கணக்கில் ஊறவைத்து இளக்க வேண்டும். கரு நாட்களில் அந்தத் தொல்லை இல்லை.

எங்கே என்ற கேள்விக்கு நான் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்றால், ஜிஜேபி2 காரணம். பிறவிச் செவிட்டுத்தன்மைக்கு உலகெங்கும் மிக அதிகமாகக் காரணமாகும் மரபணுக்களில் அது முதன்மையானது. சிங்கப்பூரில் நம்மைச் சுற்றியுள்ள சீன, தென்கிழக்காசிய மக்களிடம் வி37ஐ என்ற மாற்றம் அதிகம். இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்த குடும்பங்களில் டபிள்யூ24எக்ஸ். ஆனால் அந்த மரபணு மயிர் செல்லில் இயங்குவதே இல்லை. தாங்கு செல்களில்தான். “காது கேட்கவில்லையா, மயிர் செல் போச்சு” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தால் தவறான செல்லைத் திருத்தப் போயிருப்போம். ஓட்டாஃபெர்லின் மரபணு சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்குச் செவித்திறன் திரும்பியதாக 2024இல் சீனாவிலிருந்து அறிக்கை வந்ததே, அந்த மரபணுவுக்கு இடம் உள் மயிர் செல். இரண்டுக்கும் மருந்து போக வேண்டிய முகவரி வேறு.

இவ்வளவு சொன்ன பிறகு அவளிடம் ஒரு விஷயத்தைக் கேட்டேன். “கியர் தளத்தில் உன் மரபணுவைத் தேடிப் பார்த்தியா?” பார்க்கவில்லை. பெரும்பாலானவர்கள் பார்ப்பதில்லை. பணம் செலவழித்தால்தான் ஆய்வு என்று நம் மண்டையில் யாரோ ஏற்றிவிட்டார்கள். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அந்தத் தளத்தில் காது பற்றிய தரவுத் தொகுப்புகள் குவிந்து கிடக்கின்றன. மரபணுவின் பெயரைத் தட்டினால் படம் வரும், நிரல் எழுதத் தெரிய வேண்டாம், இலவசம். மேலே சொன்ன ஷெஃபர் தரவும் பொதுவில்தான் இருக்கிறது. கொல்லா முதலியோர் 2020இல் வெளியிட்ட சிங்கிள் செல் தரவும் அப்படியே: கருவின் 14ஆம், 16ஆம் நாள், பிறந்த 1ஆம், 7ஆம் நாள்.

மடிக்கணினியைத் திறந்து அங்கேயே பார்த்தோம். பக்கத்து மேசை மாமா தட்டை எடுத்துக்கொண்டு போவதற்குள் பதில் பாதி வந்துவிட்டது. 14ஆம் நாளில் அவளுடைய மரபணு எங்கும் இல்லை. 16ஆம் நாளில் மயிர் செல் தீவில் சில செல்களில் மட்டும் இருந்தது. 2015 தரவின் 16ஆம் நாள் பச்சைக் கூடையிலும் இருந்தது, இல்லாத கூடையில் கிட்டத்தட்டச் சுழியம். இரண்டு வெவ்வேறு ஆய்வுக்கூடம், இரண்டு வெவ்வேறு முறை, ஒரே பேச்சு. எவ்வளவு வெள்ளி கொடுத்தாலும் முதல் மாதத்தில் இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

ஆனால் இதை அப்படியே நம்பியும் உட்காரக் கூடாது. 14ஆம் நாள் இல்லை என்பது உண்மையிலேயே இல்லையா, சிங்கிள் செல் தவறவிட்டதா? 16ஆம் நாள் ‘சில செல்கள்’ என்றால் அவை அடிப்பக்கத்தவையா? 15ஆம் நாளை இரண்டு குழுவுமே பார்க்கவில்லை. மரபணு கண் திறப்பது அந்த இடைவெளியில்தான். அவளுடைய ஆய்வு உட்கார வேண்டிய நாற்காலியும் அதுதான்.

அதனால் முடிவு எடுக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. 14.5, 15.5, 16.5 என்று மூன்று நாள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு வயிற்றுக் கருக்கள் குறைந்தது மூன்று. நடுத்தண்டு வழியே சீவல். நிற முறையில் அவளே செய்த துருவி. முடிவு தெளிவாக வந்தால் ஒரே ஒரு நாளுக்கு மட்டும் ஆர்.என்.ஏ ஸ்கோப், ஏடோ1 என்ற மரபணுவின் துருவியோடு சேர்த்து. 1999இலேயே அது இல்லாமல் மயிர் செல் உருவாவதில்லை என்று காட்டிவிட்டார்கள் என்பதால், அவளுடைய மரபணு அதற்கு முன்னா பின்னா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும். மிச்சப் பணத்தில் ஒரு புரத எதிர்ப்பொருள் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். ஆர்.என்.ஏ இருந்தால் புரதமும் இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

“சிங்கிள் செல் இல்லேன்னா தீசிஸ் வெயிட்டா இருக்குமா அக்கா?” என்று எம்ஆர்டி வாசல் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள். நான் பதில் சொல்லவில்லை. புவன விஸ்தாவில் ரயில் வந்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணிக்கு ஒரு படம் அனுப்பினாள். நடுத்தண்டு வழியே வெட்டிய சீவல், கோணம் கச்சிதம். அடிச்சுற்றின் தரையில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கீற்று. நடுச்சுற்றில் மங்கலாக ஒன்று. உச்சியில் ஒன்றுமே இல்லை. கீழே, “உச்சியில வரவே இல்ல அக்கா, துருவி உள்ள போகலையோ?”

“எத்தனையாம் நாள்?”

“பதினஞ்சரை.”

“அப்போ நாளைக்குப் பதினாறரையை வெட்டு” என்று அனுப்பிவிட்டுப் படுத்தேன்.